நீதிக்கு யார் படியளப்பது?

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் தருமத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. மன்னராட்சிக் காலத்து ஊட்டுப்புரைகள் மறைந்துவிட்டன. ஆனால், பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியும், பழவங்காடி கணபதி கோயில் வாசலிலும், சாலைக் கடைத்தெருவிலும் பசித்தவனுக்குச் சோறும், நோயாளிக்கு மருந்துச் செலவும், ஏழை மாணவனுக்குப் புத்தகமும் கொடுக்கும் கைகள் இன்றும் உண்டு. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் சென்று அங்கே கடை விரித்த தமிழ் வணிகர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர்.

அதே இடத்தில் ஒருவர், ''எனக்கு அநீதி இழைக்கப்பட்டுவிட்டது. வழக்கு நடத்தப் பணம் இல்லை, உதவுங்கள்'' என்று கை நீட்டினால் என்ன நடக்கும்? பெரும்பாலோர் ஒதுங்கிப் போவார்கள். வழக்கு என்றாலே வம்பு என்பது நம் மனத்தில் ஊறிப்போன எண்ணம். அன்னதானம், கல்விதானம், இரத்ததானம், கண்தானம் என நீளும் நமது தான வரிசையில் நீதிக்கென்று ஒரு தானம் இடம்பெறவே இல்லை.

இதன் விலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள கிழக்கேகோட்டையை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2005 செப்டம்பர் 27-ஆம் தேதி, அருகிலுள்ள ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் இருந்த உதயகுமார் என்ற இளைஞரைப் போலீஸார் பிடித்துச் சென்றனர். பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்தவர். அவரிடம் இருந்த சுமார் 4,000 ரூபாய் எப்படி வந்தது என்பதே சந்தேகம். கோட்டை காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் அன்று இரவு உயிருடன் இல்லை. பிரேதப் பரிசோதனை, தொடைகளில் கடும் காயங்களைக் காட்டியது.

எளிய வேலை செய்து மகனை வளர்த்த தாய் ஒருவர் அதன் பிறகு நடந்த தூரம் அளவிட முடியாதது. முதலில் நடந்த விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். தாய் உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2007-இல் வழக்கு மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2018 ஜூலையில் திருவனந்தபுரம் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் காவலர்கள் இருவருக்கு மரண தண்டனை விதித்தது. 13 ஆண்டுகள் காத்திருந்த தாயின் கண்ணீர் அன்று நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், புலனாய்வில் நேர்ந்த குறைகளைச் சுட்டிக்காட்டி, குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது.

அத்தீர்ப்பு சரியா, தவறா என்பது இக்கட்டுரையின் பொருள் அன்று. ஆதாரம் போதாதபோது தண்டிக்கக் கூடாது என்பது சட்டத்தின் அடிப்படை. குற்றம்சாட்டப்பட்ட காவலருக்கும் அது பொருந்தும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தொடக்கத்திலேயே, முதல் சாட்சி பிறழ்வதற்கு முன்பே, அந்தத் தாயின் பக்கத்தில் தேர்ந்த வழக்குரைஞர் ஒருவர் முழுநேரமாக இருந்திருந்தால், புலனாய்வின் ஓட்டைகள் 20 ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்பட்டிருக்குமா?

வழக்குச் செலவு என்பது வழக்குரைஞரின் கட்டணம் மட்டுமன்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். ஆவணங்களுக்கு நகல் எடுக்க வேண்டும். கேரளத்தின் தலைநகர் திருவனந்தபுரம்; உயர் நீதிமன்றம் இருப்பதோ சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, எர்ணாகுளத்தில். ஒவ்வொரு மனுவுக்கும் அந்தப் பயணம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு காலம். அந்தத் தாய்க்குப் பொது ஊழியர்களும் போராட்டக் குழுவினரும் துணை நின்றது அவருடைய நல்லூழ். அப்படித் துணை வாய்க்காத தாய்மார்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. அவர்கள் நீதிமன்றத்துக்கு வருவதே இல்லையே!

இதே கோட்டைக்குள் பிறந்த இன்னொரு வழக்கை எண்ணிப் பார்க்கலாம். பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்த டி.பி. சுந்தரராஜன் முன்னாள் ஐபிஎஸ் அதிகாரி, வழக்குரைஞரும்கூட. அரச குடும்பத்தையே எதிர்த்து நின்ற அவருக்கு ஆதரவாக 2011 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவின்படி நிலவறைகள் திறக்கப்பட்டபோது உலகமே வியந்தது. அவர் 2011 ஜூலையில் காலமானார். 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றது. வழக்கின் முடிவு எப்படியாயினும், சட்டம் அறிந்த ஒரு தனிமனிதர் யாரிடமும் கையேந்தாமல் எவ்வளவு பெரிய கதவையும் தட்ட முடியும் என்பதை அவர் காட்டினார். சட்டம் அறியாத தாய்க்கு அந்த வசதி இல்லை. இரு வழக்குகளும் ஒரே கோட்டைப் பகுதியில் தோன்றியவை என்பதுதான் உறுத்துகிறது.

''ஏழைக்கு இலவச சட்ட உதவி அரசின் கடமை அல்லவா, இதில் தருமத்துக்கு என்ன வேலை?'' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசமைப்புச் சட்டத்தின் 39-ஏ பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் தந்த நன்மைகளில் அது ஒன்று. அதற்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் பாலக்காட்டில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தபோதே ஏழைகளுக்கான சட்ட உதவி விதிகளைக் கேரளத்தில் கொண்டுவந்தவர் அவர். பின்னர் மத்திய அரசு அமைத்த குழுவின் தலைவராக 1973-இல் அவர் அளித்த அறிக்கையும், அடுத்து வந்த நீதிபதி பி.என். பகவதியின் அறிக்கையும்தான் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்துக்கு அடித்தளம். 1987-இல் இயற்றப்பட்ட அச்சட்டம் 1995 நவம்பர் 9-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டு இடைவெளி! ஏழையின் நீதிக்கு அரசுகள் எவ்வளவு அவசரம் காட்டின என்பதற்கு அதுவே சான்று.

கடமையை ஏற்ற அரசு எவ்வளவு செலவிடுகிறது? 2017-18-இல் நாட்டில் தலைக்கு 75 காசு. 2025-இல் வெளியான 'இந்திய நீதி அறிக்கை'யின்படி ஆண்டுக்குத் தலைக்கு 6 ரூபாய் 46 காசு. பெருகியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் கிழக்கேகோட்டையில் ஒரு தேநீர்கூட அந்தக் காசுக்குக் கிடைக்காது. அதே அறிக்கை, காவல் துறைக்குத் தலைக்கு 1,275 ரூபாய் செலவாவதாகச் சொல்கிறது. பிடிப்பதற்கு 1,275, பிடிபட்டவருக்காகப் பேசுவதற்கு ஆறரை ரூபாயும் இல்லை. பெரிய மாநிலங்களுக்கான தரவரிசையில் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தவை கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, கேரளம், தமிழ்நாடு ஆகிய தென்மாநிலங்கள் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். தேர்வு எழுதிய எல்லோரும் குறைந்த மதிப்பெண் வாங்கிய வகுப்பில் முதலிடம் பெறுவது போன்ற பெருமை அது.

பணத்தின் போதாமை ஒருபுறம் இருக்கட்டும். அடிப்படையான சிக்கல் வேறொன்று. சாமானியனின் எதிராளி பெரும்பாலும் அரசுதான். காவல் நிலையம், வருவாய்த் துறை, வனத் துறை, ஓய்வூதியம் தர மறுக்கும் அலுவலகம். எதிராளியின் கருவூலத்திலிருந்து வரும் பணத்தைக் கொண்டே எதிராளியுடன் வழக்காட வேண்டும் என்பது விசித்திரமான ஏற்பாடு. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களை நீதிபதிகள் நடத்துகிறார்கள். அதனால் அவற்றின் நேர்மை குறித்து ஐயமில்லை. ஆனால், நிதியின் அளவைத் தீர்மானிப்பது அரசு.

மேலும், குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவருக்காக வாதாடுபவர் அரசு வழக்குரைஞர். காவலர்களே குற்றம்சாட்டப்பட்டவர்களாக நிற்கும்போது, அதே அரசின் வழக்குரைஞரை மட்டும் நம்பிப் பாதிக்கப்பட்டவர் இருக்க முடியுமா? பாதிக்கப்பட்டவர் தனக்கென வழக்குரைஞரை அமர்த்தி அரசுத் தரப்புக்குத் துணைநிற்கும் உரிமை, 2009 டிசம்பர் 31-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால்தான் கிடைத்தது. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. உரிமை இருக்கிறது, அந்த வழக்குரைஞருக்குக் கட்டணம் கொடுப்பது யார்? தருமத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

உலகில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த 1979-இல், தென்னாப்பிரிக்காவில் ஆர்தர் சாஸ்கல்சன் என்ற வழக்குரைஞர் 'லீகல் ரிசோர்சஸ் சென்டர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஃபோர்டு, கார்னகி, ராக்ஃபெல்லர் ஆகிய அமெரிக்க அறக்கட்டளைகள் பணம் தந்தன. கறுப்பின மக்கள் நகரங்களில் குடும்பத்தோடு வாழ்வதைத் தடுத்த கட்டுப்பாடுகளை அந்த அமைப்பு நீதிமன்றத்திலேயே எதிர்கொண்டது. கோமானி (1980), ரிக்கோட்டோ (1983) ஆகிய வழக்குகளில் வென்றது. நிறவெறி அரசின் சட்டத்தைக் கொண்டே அந்த அரசைப் பணிய வைத்தார்கள். நிறவெறி ஒழிந்ததும் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றத்தின் முதல் தலைவரானார் சாஸ்கல்சன்.

இந்தியாவிலும் சட்டத் துறைக்கு வெளிநாட்டு அறப்பணம் வந்திருக்கிறது. 1956-இல் தில்லியில் தோன்றிய இந்திய சட்ட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், பின்னர் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளிக்கும் ஃபோர்டு அறக்கட்டளை உதவியது. நூலகமும் ஆராய்ச்சியும் வளர்ந்தவரை எவருக்கும் ஆட்சேபம் இல்லை. அறப்பணம் நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக நிற்பவர்களுக்குப் போனபோதுதான் சங்கடம் தொடங்கியது. இந்திரா ஜெய்சிங்கும் ஆனந்த் குரோவரும் தொடங்கிய 'லாயர்ஸ் கலெக்டிவ்' அமைப்பின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவு 2016-இல் ரத்து செய்யப்பட்டது. குற்றச்சாட்டுகளை அவ்வமைப்பு மறுத்தது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை மற்றோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கக் கூடாது என்றானது. மாவட்ட அளவில் இயங்கும் சிறிய சட்ட உதவிக் குழுக்கள் நேரடியாக வெளிநாட்டுப் பணம் பெறும் வலிமை உடையவை அல்ல. பெரிய அமைப்புகள் வழியாகவே பெற்றுவந்தன. அந்த வாய்க்கால் அடைபட்டது.

வெளிநாட்டுப் பணத்தின் மீது அரசு கண் வைப்பதில் ஒரு நியாயம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உள்நாட்டுப் பணம் எங்கே?

இலாபம் ஈட்டும் பெருநிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம். எந்தெந்தப் பணிகளுக்கு என்று ஏழாவது அட்டவணை பட்டியலிடுகிறது. பசி, கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல், விளையாட்டு, பாரம்பரியச் சின்னங்கள் எல்லாம் உண்டு. ஏழையின் வழக்குக்கு உதவுவது என்ற சொல் அங்கே இல்லை. அதைச் சேர்த்தாலும் பெருநிறுவனங்கள் எந்த வழக்குக்குத் தரும் என்பதிலும் நமக்கு மயக்கம் வேண்டாம். பிளாச்சிமடை மக்களின் வற்றிய கிணறுகளுக்காக எந்தக் குளிர்பான நிறுவனமும் வழக்குச் செலவு தரப்போவதில்லை.

ஆராய்ச்சிக்கு மட்டும் உள்நாட்டு அறப்பணம் ஓரளவு வந்திருக்கிறது, பலனும் கிடைத்திருக்கிறது. மேலே சொன்ன இந்திய நீதி அறிக்கையை 2019-இல் தொடங்கி வைத்தது டாடா அறக்கட்டளை. தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட மரண தண்டனை ஆய்வு, தண்டிக்கப்பட்டோரில் சுமார் முக்கால் பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று காட்டியது. இப்படிப்பட்ட புள்ளிவிவரங்களை அரசு தானாகத் திரட்டி நம் முன் வைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

சட்டக் கல்விக்கு வருவோம். இன்றைய தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் தந்தை எனப்படும் என்.ஆர். மாதவ மேனன் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 2019-இல் அதே நகரில் மறைந்தவர். சட்ட மாணவர்கள் ஏழைகளின் வழக்கில் பணியாற்றியே சட்டம் கற்க வேண்டும் என்று தில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்திலேயே வலியுறுத்தியவர். அவர் உருவாக்கிய மாதிரியைப் பின்பற்றிய பல்கலைக்கழகங்களில் இன்று ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய்க்கும் மேல் செலவாகிறது. நுழைவுத் தேர்வுக்கான பயிற்சிச் செலவு தனி. படித்து வெளியே வருபவர்கள் பெருநிறுவனங்களின் சட்டப் பிரிவுகளுக்குப் போகிறார்கள் என்று மேனனே வருந்தியதுண்டு.

இந்தச் சுவரில் ஒரு வாசல் திறந்தவர் கேரளத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர். 2010-இல் அவர் தொடங்கிய 'ஐடியா' அறக்கட்டளை, கிராமப்புறத்து மாணவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் தேடிக் கண்டுபிடித்துப் பயிற்சி தந்து, சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்த்து, படிப்புச் செலவுக்கும் வழிகாட்டுகிறது. அவர் 2019-இல், நாற்பத்து சொச்சம் வயதிலேயே மறைந்தது பெரும் இழப்பு. அவர் விதைத்தது தொடர்கிறது.

ஆனால், படிப்பு உதவியோடு தருமம் நின்றுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உதவித்தொகை வழங்கும் விழாவில் மேடை உண்டு, புகைப்படம் உண்டு. பட்டம் பெற்ற அந்த ஏழை மாணவர் வஞ்சியூரிலோ நாகர்கோவிலிலோ நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்து ஏழைகளுக்காக வாதாட விரும்பினால், முதல் மூன்று ஆண்டுகள் எதைத் தின்பார்? இளம் வழக்குரைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வரை உதவித்தொகை என்று 2018-இல் கேரள அரசு ஆணையிட்டது. அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகளும் நீதிமன்றத் தலையீடும் தேவைப்பட்டன. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்குரைஞர்களுக்கு மூத்தவர்கள் பெருநகரங்களில் 20,000, பிற இடங்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்றது. சிறு ஊரில், தானே கட்டணத்துக்கு அல்லாடும் மூத்த வழக்குரைஞர் அதை எங்கிருந்து கொடுப்பார்? ஏழைகளின் வழக்கை மட்டும் ஏற்கும் இளம் வழக்குரைஞருக்கு மூன்று ஆண்டு ஊதியம் தர ஓர் அறக்கட்டளை முன்வருமானால், கட்டடம் கட்டுவதைவிட அது பெரிய கொடை. கல்வெட்டில் பெயர் பொறிக்க இடம் இருக்காது, அவ்வளவுதான் குறை.

பணம் தருபவர் வழக்கைத் தன் வசப்படுத்திக்கொள்வார் என்ற அச்சம் பொய்யன்று. இன்ன சாதியாரின் வழக்கு, இன்ன மதத்தவரின் வழக்கு, இன்ன கட்சிக்காரரின் வழக்கு என்று தருமம் பிரிந்து போனால் கேடுதான் மிஞ்சும். ஆகவே எந்த வழக்கை ஏற்பது என்பதை ஓய்வுபெற்ற நீதிபதிகளும் சட்ட ஆசிரியர்களும் அடங்கிய குழு முடிவு செய்ய வேண்டும். கொடையாளிக்கு அதில் வாக்கு இருக்கக் கூடாது. யாரிடம் எவ்வளவு பெறப்பட்டது, எவ்வளவு செலவானது என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும்.

சட்டத்துக்குத் தமிழர் தருமம் பட்டிருக்கும் கடன் பழையது. 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் தருமத்துக்கென எழுதிவைத்த சொத்து, அவர் மறைவுக்குப் பின் தகராறில் சிக்கி வீணாகிக்கொண்டிருந்தது. அதை மீட்டுத் தந்தது சென்னையின் அன்றைய உச்ச நீதிமன்றமும், அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியும். அதிலிருந்துதான் 1842-இல் பச்சையப்பன் பள்ளி பிறந்தது. வழக்கு நடந்திராவிட்டால் அந்தத் தருமமே இல்லை. தமிழகத்தில் இன்று உயர்ந்து நிற்கும் கல்வி அறக்கட்டளைகளில் எத்தனை, வருவாயில் ஒரு சிறு பகுதியையேனும் ஏழையின் வழக்குக்கு ஒதுக்குகின்றன?

தனி அறக்கட்டளை தோன்றக் காலம் பிடிக்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சட்ட உதவி நிதி ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. மாநில ஆணைக்குழுவின் முன் ஒப்புதலோடு எவரும் அதற்கு நன்கொடை அளிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இப்படியொரு வழி இருப்பது வழக்குரைஞர்களிலேயே பலருக்கு நினைவில் இல்லை. கோயில் உண்டியலுக்கு இருக்கும் அறிவிப்புப் பலகை இதற்கு இல்லை. முன் ஒப்புதல் என்ற நடைமுறையை எளிதாக்கி, இரசீது தந்து, நன்கொடைக் கணக்கை அரசு ஒதுக்கீட்டோடு கலக்காமல் தனியே வெளியிட்டால், காவல் துறைக்கும் பிற அரசு அலுவலகங்களுக்கும் எதிராக நிற்கும் ஏழைகளின் வழக்குகளுக்கு அதிலிருந்து தேர்ந்த வழக்குரைஞர்களை அமர்த்த முடியும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. மாநில ஆணைக்குழுக்கள் மனம் வைத்தால் போதும்.

சாலைக் கடைத்தெரு வணிகர் ஒருவர் ஓணத்துக்கு வழங்கும் அன்னதானத்தில் ஒரு பந்திச் செலவை அந்த நிதிக்குத் தர நினைத்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகும் தூரம்தான்.